தூங்கியும் தீராத சோர்வு: சத்து மாத்திரைச் சோதனைகள் எங்கே வழி தவறுகின்றன

இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஏழு மணிக்கு எழும் ஒருவர், விடிய விடிய மூட்டை சுமந்தவரைப் போல, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலியோடு எழுகிறார் என்றால், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அவரிடம் கேட்பதால் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. நாட்பட்ட சோர்வு நோயோடு வாழும் என் தங்கை இதை முதன்முதலில் சொன்ன விதம் இன்றும் என் காதில் இருக்கிறது: “தூங்கினேன் அக்கா, ஆனால் உடம்பு தூங்கவே இல்லை.” தூக்கத்துக்கென்று விற்கப்படும் சப்ளிமென்ட்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. அவற்றை வாங்குகிறவர்களும், முதல் சில மாதங்களில் நாங்கள் செய்ததைப் போலவே, அதைக் கவனிப்பதில்லை.

மருத்துவர்கள் எம்.இ./சி.எஃப்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் இந்நோய்க்கு இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அறிகுறிகளைக் கொண்டே அது கண்டறியப்படுகிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அறிகுறிகளைக் கட்டாயமாக்கியது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, முன்பு இயல்பாகச் செய்துவந்த வேலைகளைப் பெரிதும் குறைத்துவிடும் சோர்வு முதலாவது. சிறிய உழைப்புக்குப் பிறகும் உடல் சரிந்து விழுவது இரண்டாவது. புத்துணர்ச்சி தராத தூக்கம் மூன்றாவது. இவற்றோடு நினைவிலும் சிந்தனையிலும் தடுமாற்றமோ, நிமிர்ந்து நிற்கும்போது மோசமாகும் தலைச்சுற்றல், படபடப்பு போன்றவையோ இருக்க வேண்டும். ஆகவே இந்நோயில் தூக்கக் குறை என்பது கவலையால் வந்து ஒட்டிக்கொண்ட உபரித் தொல்லை அல்ல. நோயின் வரையறைக்குள்ளேயே அது இருக்கிறது.

இதில் நோயாளிகளை மிகவும் வருத்துவது, தூக்க ஆய்வகத்தில் இரவு முழுவதும் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தாலும் பலருக்குப் பெரிய கோளாறு எதுவும் தென்படுவதில்லை என்பதுதான். ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத ஒத்த இரட்டையர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நோயுற்றவர் தம் தூக்கம் மிக மோசம் என்று சொன்னபோதும் கருவிகளின் அளவீடுகள் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. “எல்லாம் நார்மல்” என்று எழுதிய அறிக்கையோடு வெளியே வருகிறவர் அடுத்துப் போய் நிற்குமிடம் பெரும்பாலும் மருந்துக் கடையாகவோ ஆன்லைன் அங்காடியாகவோ இருக்கிறது. அங்கே கிடைப்பவையோ சீக்கிரம் தூங்க வைப்பதாகவும் அதிக நேரம் தூங்க வைப்பதாகவும் வாக்களிக்கும் பொருள்கள். தூக்கத்தின் நீளத்தைக் கூட்டினால் அதன் தரமும் கூடிவிடும் என்ற எண்ணம் இந்நோயைப் பொறுத்தவரை நிரூபிக்கப்படாத ஒன்று.

அதற்காகத் தூக்கப் பரிசோதனையே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இந்நோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட 343 பேரைத் தூக்க ஆய்வகத்தில் சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அவர்களில் 30 விழுக்காட்டினருக்கு ஸ்லீப் அப்னியா என்னும் மூச்சுத்தடை, கால் அசைவுக் கோளாறு போன்ற, தனியே சிகிச்சை செய்யக்கூடிய தூக்க நோய்கள் இருந்தன. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு எந்தச் சத்து மாத்திரையும் உதவாது. அவருக்கு வேண்டியது வேறு சிகிச்சை. ஆகவே டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வேலை இரண்டாண்டு தாமதமாக நடந்தது.

இரவில் படுத்தவுடன் கால் குடைச்சல் எடுக்கிறது என்று தங்கை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்குள் புழு நெளிவதைப் போலிருக்கும், எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். சோர்வு நோயின் ஒரு பகுதி இது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். பிறகு வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் ஃபெரிட்டின் அளவு 14 என்று வந்தது. ஃபெரிட்டின் என்பது உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அடையாளம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்தை யோசிக்கலாம் என்று இத்துறையின் பன்னாட்டு நிபுணர் குழு 2018-இல் பரிந்துரைத்தது. சாதாரண ஆய்வக அறிக்கையில் 15 அல்லது 20-க்கு மேலிருந்தாலே நார்மல் என்று அச்சிட்டிருப்பதால், இந்த இடைவெளியில் எத்தனையோ பேர் விடுபட்டுப்போகிறார்கள்.

இரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த, களைப்பால் அவதிப்பட்ட 198 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்றை 2012-இல் கனடா மருத்துவ இதழ் வெளியிட்டது. நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் இரும்பு எடுத்தவர்களின் களைப்பு 12 வாரங்களில் ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 29 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அது தேவைப்படும். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். நம் ஊரில் சோர்வோடும் தூக்கக் குறையோடும் வரும் ஒரு பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது இரும்பைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அளந்து பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். தேவையில்லாதவர் உடலில் சேரும் இரும்பை எளிதில் வெளியேற்ற வழியில்லை. சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் காலை ஃபில்டர் காபியோடு மாத்திரையை விழுங்கியதில் முதல் மாதம் வீணாயிற்று.

இரும்புக்கு அடுத்து மெலட்டோனின். இது வைட்டமின் அல்ல, ஹார்மோன். 1958-இல் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னரின் குழு மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. தோலின் நிறம் மாறுவதைப் பற்றிய ஆய்வில் கிடைத்த பொருள் அது. இருட்டத் தொடங்கியதும் மூளை இதைச் சுரந்து, இரவு வருகிறது என்று உடலுக்கு அறிவிக்கிறது. மயக்க மருந்தைப் போல ஆளைச் சாய்ப்பது இதன் வேலை அல்ல. நேரம் சொல்வதே இதன் வேலை. 1,683 பேர் பங்கேற்ற 19 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2013-இல் பார்த்தபோது, மெலட்டோனின் எடுத்தவர்கள் சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், 8 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். பாட்டிலின் மேல் இருக்கும் நிலவுப் படத்துக்கும் இந்த 7 நிமிடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மெலட்டோனினையும், வலேரியன் என்னும் மூலிகை, டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் ஆகியவற்றையும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்கான சான்று வலுவானதல்ல என்றும் அதுவே ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் சோர்வு நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உடற்கடிகாரமே பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. விடியற்காலை இரண்டு மணிக்கு முன் கண் மூடாது, பத்து மணிக்கு முன் கண் திறக்காது. 2002-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், 30 நோயாளிகளுக்கு மெலட்டோனினும் ஒளிச் சிகிச்சையும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. அறிகுறிகள் எதிலும் முன்னேற்றம் இல்லை. நான்காண்டு கழித்து நெதர்லாந்தில், மெலட்டோனின் தாமதமாகச் சுரக்கும் 29 நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாலையில் 5 மில்லிகிராம் கொடுத்தபோது களைப்பு குறைந்தது; மிகத் தாமதமாகச் சுரந்தவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது. இரண்டாவது ஆய்வில் ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு இல்லை என்பதால் அதை முழுதாக நம்பிவிட முடியாது. ஆனால் யாருக்கு, எந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்பது தவறு என்பதை அறிய இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும். மெலட்டோனினைப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு விழுங்குவது வழக்கமாகிவிட்டது; கடிகாரத்தை முன்னால் நகர்த்த வேண்டுமானால் அதைச் சில மணி நேரம் முன்னதாக, குறைந்த அளவில் எடுக்க வேண்டியிருக்கும்.

அளவைப் பற்றிப் பேசும்போது, பாட்டிலில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்ற கேள்வியும் எழுகிறது. கனடாவில் விற்ற 31 மெலட்டோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது, ஒன்றில் எழுதிய அளவைவிட 83 விழுக்காடு குறைவாகவும், இன்னொன்றில் 478 விழுக்காடு அதிகமாகவும் மெலட்டோனின் இருந்தது. கால் பங்குக்கு மேற்பட்டவற்றில், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் கலந்திருந்தது. 2023-இல் அமெரிக்காவில் 25 கம்மி மிட்டாய் வகைகளைச் சோதித்தார்கள். 22-இல் அளவு தவறாக இருந்தது, ஒன்றில் மெலட்டோனினே இல்லை. நேற்று 3 மில்லிகிராம் பலன் தந்தது, இன்று தரவில்லை என்று ஒருவர் குழம்பினால், அவர் இரண்டு நாளும் ஒரே அளவைத்தான் எடுத்தார் என்பதற்கே உறுதி இல்லை.

மக்னீசியத்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது, ஏனெனில் சோர்வு நோயாளிகளிடமே அது தொடங்கியது. 1991-இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில், வாரம் ஒரு மக்னீசியம் ஊசி ஆறு வாரத்துக்குப் போட்ட 15 பேரில் 12 பேர் தேறியதாகச் சொன்னார்கள். வெறும் நீர் ஊசி போட்ட 17 பேரில் மூவர் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். நோயாளிகளின் சிவப்பணுக்களில் மக்னீசியம் குறைவாக இருப்பதாகவும் அந்த ஆய்வு கூறியது. பின்னால் வேறு குழுக்கள் அளந்து பார்த்தபோது அந்தக் குறைபாடு தென்படவில்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த முதல் ஆய்வுதான் இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. மறுத்த ஆய்வுகளை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

எங்களிடம் இருந்த டப்பாவின் முன்பக்கத்தில் “மக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.” என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. கிளைசினேட் என்னும் சேர்மத்தின் எடையில் மக்னீசியம் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். ஆகவே கிடைப்பது 140 மில்லிகிராம். ஆக்சைடு வடிவில் 60 விழுக்காடு மக்னீசியம் உண்டு, ஆனால் அது சரியாக உறிஞ்சப்படாமல் வயிற்றைக் கலக்கும். இரண்டு டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் ஒப்பிடுகிறவர் தவறான டப்பாவையே வாங்குவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மக்னீசியத்தைத் தொடக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். இல்லையேல் தைராய்டு மாத்திரை உடலில் சேராமல் போய், சோர்வு அதனாலேயே கூடும்.

கிளைசின் என்னும் அமினோ அமிலத்தை இரவில் 3 கிராம் எடுத்தால் காலையில் தெளிவாக இருக்கிறது என்று ஜப்பானில் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அமினோ அமிலம் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்களே அவற்றைச் செய்தார்கள். இதற்கு மேல் சொல்ல அதில் எதுவுமில்லை.

“இயற்கையானது, கெடுதல் செய்யாது” என்பவர்களுக்கு 1989-ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் தூக்கத்துக்காகப் பரவலாக எடுக்கப்பட்ட எல்-டிரிப்டோபான் மாத்திரைகளால் அந்த ஆண்டு கடுமையான தசைவலியோடு ஒரு புதிய நோய் கிளம்பியது. 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 37 பேராவது இறந்தார்கள். ஒரே ஜப்பானியத் தயாரிப்பாளரிடமிருந்து வந்த சரக்கோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. டிரிப்டோபானிலிருந்து உடல் உண்டாக்கும் 5-எச்.டி.பி. இன்று தாராளமாக விற்கிறது. மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் அதையும் சேர்த்து எடுத்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். மக்னீசியத்தோடு சேர்த்து விற்கப்படும் வைட்டமின் பி6-உம் அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும். நாளுக்கு 2 முதல் 6 கிராம் எடுத்த ஏழு பேர் கைகால் மரத்து, நடை தடுமாறிய செய்தி 1983-இலேயே பதிவானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இதன் உச்ச அளவை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்தது. நம் கடைகளில் கிடைக்கும் நரம்புச் சத்து மாத்திரை ஒன்றிலேயே இதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு.

நம் வீடுகளில் அமுக்கராவுக்கு வேறொரு மதிப்பு இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணமாகவும், வடக்கே அஸ்வகந்தாவாகவும் அறியப்படும் இந்தக் கிழங்கின் அறிவியல் பெயரிலுள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்று பொருள். 400 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளின் தொகுப்பு 2021-இல் வந்தபோது, தூக்கத்தில் சிறிய முன்னேற்றம் இருப்பதாக அது காட்டியது. ஆனால் அந்த ஆய்வுகள் சோர்வு நோயாளிகளிடம் செய்யப்பட்டவை அல்ல. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2020-இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். டென்மார்க் 2023-இல் இதைத் தடைசெய்தது. தைராய்டு அளவுகளையும் இது மாற்றக்கூடும். தகுதிபெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, பாலில் கலந்து, இத்தனை நாள் என்று வரையறுத்துக் கொடுக்கும் சூரணம் வேறு. செறிவூட்டிய சாறாகக் குப்பியில் அடைத்து மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. பாலில் இழைத்துத் தரும் ஜாதிக்காயும் அப்படியே: இழைப்பு அளவில் அது பாட்டி வைத்தியம், ஐந்து கிராமைத் தாண்டினால் நஞ்சு.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் நோயாளி ஏதாவது ஒன்றை முயன்று பார்க்கவே விரும்புவார். அது அவருடைய உரிமை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோய்க்கு வைட்டமின்களையும் தாதுக்களையும் வழக்கமாக எடுக்கப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டு, எடுக்க விரும்புகிறவருக்குப் பக்கவிளைவுகளை விளக்கச் சொல்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வைட்டமின் டி குறையக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. அதைத் தாண்டி, ஒரு மாத்திரை தனக்கு உதவுகிறதா என்று ஒருவர் எப்படி அறிவது? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கையட்டின் குழு 1986-இல் இதற்கு ஒரு முறையை விளக்கியது. ஒரே நோயாளிக்கு மருந்தும் வெற்று மாத்திரையும் மாறி மாறி, எது எதுவென்று அவருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், பல சுற்றுகளாகக் கொடுத்துப் பதிவுசெய்வதே அது. வீட்டில் இதை முழுமையாகச் செய்ய முடியாது. ஆனால் இதன் உயிர்நாடியான நிறுத்திப் பார்ப்பதையாவது செய்யலாம். பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் அதைத்தான்.

நிறுத்திப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? இந்நோய் ஏறி இறங்கும் நோய். மனிதர்கள் புது மாத்திரையை மிக மோசமான வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். மிக மோசமான வாரத்துக்குப் பிறகு வருவது, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சற்று நல்ல வாரமாகவே இருக்கும். அதோடு நம்பிக்கையும் வேலை செய்யும். இரும்பு ஆய்வில் வெற்று மாத்திரையே 29 விழுக்காடு களைப்பைக் குறைத்தது. மேலும், உழைப்புக்குப் பின் வரும் சரிவு உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்தே ஆளைச் சாய்க்கும். திங்களன்று மாடிப்படி ஏறியதற்கான தண்டனை புதனன்று வரும்போது, செவ்வாய் இரவு தொடங்கிய மாத்திரையின் மேல் பழி விழும்.

எங்கள் நோட்டில் இது கண்ணெதிரே நடந்தது. தங்கை அரை நாள் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியை. ஒரு ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் மக்னீசியத்தைத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அவளே எழுதும் கட்டத்தில் 3, 3, 4 என்றிருந்தது மெல்ல 5, 6 என்று ஏறியது. வீட்டில் அனைவருக்கும் அந்த டப்பாவின் மேல் பக்தியே வந்துவிட்டது. ஜூன் நடுவில் மதிப்பெண் 3-க்கு இறங்கியதும், அளவைக் கூட்டலாமா என்று யோசித்தோம். அப்போதுதான் பக்கத்துக் கட்டத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது: பள்ளி திறந்த நாள். இரண்டு மாதம் பேருந்தும் படிக்கட்டும் கரும்பலகையும் இல்லாததால் தேறிய உடம்பை நாங்கள் மக்னீசியத்தின் கணக்கில் எழுதியிருந்தோம். அடுத்து மூன்று வாரம் நிறுத்தினோம், மூன்று வாரம் கொடுத்தோம், மறுபடி நிறுத்தினோம். மதிப்பெண் அசையவில்லை.

அதன் பிறகு சில ஒழுங்குகளைப் பிடித்துக்கொண்டோம். எதையும் தொடங்கும் முன் இரண்டு வாரம் வெறுமனே பதிவு; ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்; அந்த நாள்களில் காபி நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் மாற்றாமல் இருப்பது; என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது. சீக்கிரம் தூங்க வேண்டும் என்பதும், காலையில் தெளிவாக எழ வேண்டும் என்பதும் வெவ்வேறு எதிர்பார்ப்புகள். ஒன்று நிறைவேறி மற்றது நிறைவேறாமல் போகலாம். இந்த முறை மெலட்டோனின், மக்னீசியம் போல விரைவில் வேலை செய்து விரைவில் நீங்குபவற்றுக்கே பொருந்தும். இரும்பைப் போல மாதக்கணக்கில் சேமிப்பை நிரப்புவதை இப்படி நிறுத்தி நிறுத்திச் சோதிக்க முடியாது. அதற்கு இரத்தப் பரிசோதனையே அளவுகோல். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளை நாமாக நிறுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

எடுக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதும் பயனுள்ளது. முடி கொட்டுவதற்கென்று எடுக்கும் பயோட்டின் என்னும் வைட்டமின், தைராய்டு பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2017-இல் எச்சரித்தது. சோர்வுக்குக் காரணம் தேடும் ஒருவருக்கு அந்தத் தவறு பல மாதங்களை வீணாக்கும்.

இரும்பு தொடங்கி நான்காவது மாதத்தில் தங்கையின் கால் குடைச்சல் அடங்கியது. படுத்து இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டிருந்தவள் இப்போது அரை மணியில் தூங்கிவிடுகிறாள். காலை மதிப்பெண் மட்டும் இன்னும் 4-ஐச் சுற்றியே நிற்கிறது; சோர்வு நோய் அப்படியே இருக்கிறது. நோட்டில் முன்பு ஒன்பது கட்டங்கள் இருந்தன. அவற்றை நிரப்பவே அவளுக்குத் தெம்பு செலவாகிறது என்று தெரிந்ததும் இரண்டாகக் குறைத்துவிட்டோம்: காலை மதிப்பெண்ணை அவள் விரல்களால் காட்டுகிறாள், முந்தைய நாள் என்ன வேலை செய்தாள் என்பதை நான் எழுதுகிறேன்.